டைப் ரேட்டிங்குக்கு இப்பவே பணம் கட்டலாமா?

வணக்கம் சார். பையன் சிபிஎல் (கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்) முடிச்சிட்டு 200 மணி நேரம் பறந்த அனுபவத்தோட வீட்ல இருக்கான், ஏஜென்ட் ஒருத்தர் சொந்தக் காசுல ஏ320 டைப் ரேட்டிங் (அந்த வகை விமானத்தை ஓட்டறதுக்கான தனி தகுதி) போட்டா இண்டிகோல வேலை கன்ஃபார்ம்ங்கறார், ஊர்ல இருக்கற இடத்தை வித்துடலாமானு கேட்டிருக்கீங்க. இப்போதைக்கு விக்காதீங்க சார்.

பைலட் பற்றாக்குறைனு நியூஸ்ல வர்றது பொய் இல்ல. 2023-ல ஏர் இந்தியா 470, இண்டிகோ 500னு விமானம் ஆர்டர் போட்டாங்க. ஆனா நெருக்கடி பெரும்பாலும் கேப்டனுக்குத்தான், அதுக்கு ஏடிபிஎல்ங்கற மேல்நிலை ஏர்லைன் பைலட் லைசென்ஸ் வேணும், ஏடிபிஎல்லுக்கு 1500 மணி நேரம் பறந்திருக்கணும். உங்க பையன் மாதிரி 200 மணி நேரத்துல நிக்கற பசங்க எக்கச்சக்கம், இதுல கம்பெனிங்க அவங்க கேடட் ப்ரோக்ராம்ல (ஆரம்பத்துலயே ஆள் எடுத்து பயிற்சி குடுக்கற திட்டம்) எடுத்த பசங்களுக்கு வேற சீட் ஒதுக்கணும்.

அப்புறம் ரேட்டிங்னா அந்த ஒரு வகை விமானத்துக்கு மட்டும்தான். நீங்க ஏ320-க்கு கட்டிட்டு நாளைக்கு ஆகாசா ஏர்ல ஓப்பனிங் வந்தா அங்க ஓடறது 737 மேக்ஸ், காசு போச்சு. சிமுலேட்டரோட முடியவும் முடியாது, ஏர்லைன்ல சேர்ந்து லைன் டிரெய்னிங் (பயணிகளோட நிஜ ஃபிளைட்ல பயிற்சி) போனாதான் அது வேலைக்கு ஆகும், சும்மா இருந்தா சமீபத்துல பறந்திருக்கணும்ங்கற தகுதி போயி திரும்ப டெஸ்ட் குடுக்கணும். 2023 மே மாசம் கோ ஃபர்ஸ்ட் ஏர்லைன் நின்னப்ப ஏ320-ல பறந்து அனுபவம் இருந்தவங்களே மார்க்கெட்டுக்கு வந்து நின்னாங்க, வெறும் பேப்பர் ரேட்டிங்கை யாரு சார் பாப்பாங்க?

அந்த பணத்துல கொஞ்சம் எடுத்து லைசென்ஸை உயிரோட வச்சுக்குங்க. இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (ஐஆர், வெளிய எதுவும் தெரியாதப்ப கருவிகளை மட்டும் பாத்து ஓட்டற தகுதி) வருஷா வருஷம் ரினியூ பண்ணணும், கிளாஸ் 1 மெடிக்கல்ங்கற உடல் தகுதி சான்றிதழும் அவன் வயசுக்கு வருஷம் ஒரு தடவை. இந்த ரெண்டுல ஒண்ணு லாப்ஸ் ஆகியிருக்கற நேரம் பாத்துதான் ஏர்லைன்ல ஆள் எடுக்கற நோட்டிபிகேஷன் வரும், நிறைய பேர் கோட்டை விடறது இங்கதான். டைப் ரேட்டிங் இல்லாத ஃபர்ஸ்ட் ஆபீசர் (கோ-பைலட்) வேணும்னு ஓப்பனிங் வந்தா ஒண்ணு விடாம அப்ளிகேஷன் போடச் சொல்லுங்க, செலெக்ட் ஆனப்புறம் எந்த விமானம்னு அவங்க சொல்வாங்க, அப்ப ரேட்டிங்குக்கு கட்டினா அது வேற கதை, பேங்க் லோனுக்கும் ஆஃபர் லெட்டர் இருந்தா பேசலாம். நடுவுல சும்மா உக்காராம ஏடிபிஎல் தியரி பேப்பரை எழுதட்டும், ஏர்லைன் ரிட்டன் டெஸ்ட்டுக்கு அதே படிப்பு உதவும்.

பெரிய ஜெட்டுதான் வேணும்னு பிடிவாதம் வேணாம். அலையன்ஸ் ஏர்ல ஏடிஆர் 72 ஓடுது, இண்டிகோலயும் ஏடிஆர் இருக்கு, சேலம், தூத்துக்குடி போற ரூட்ல பாத்திருப்பீங்களே, ரெண்டு ப்ரொப்பெல்லர் வச்சது, சொந்தக்காரங்க அதை "சின்ன பிளேன்"ம்பாங்க, விடுங்க, லாக்புக்ல (பறந்த நேரத்தை எழுதற நோட்டு) ஏறற மணி நேரத்துக்கு சின்னது பெருசு கிடையாது. ப்ளையிங் கிளப்ல இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங் எடுத்து சொல்லிக் குடுக்கறதும் நல்ல வழிதான், சம்பளம் கம்மி, ஆனா மணி நேரம் ஏறும்.

எந்த ஏர்லைன்ல சேர்றதுக்கு முன்னாடியும் பாண்ட், அதாவது இத்தனை வருஷம் விலகக் கூடாதுங்கற ஒப்பந்தம், எத்தனை வருஷம்னு படிச்சுப் பாருங்க. விமானத் துறையை கண்காணிக்கற டிஜிசிஏவோட 2017 ரூல்படி, வேலையை விட ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு 6 மாசம் நோட்டீஸ், கேப்டனுக்கு ஒரு வருஷம், அதனால அவசரத்துல எங்கயாவது சேர்ந்துட்டு அடுத்த மாசமே பெரிய கம்பெனிக்கு தாவறது நடக்காது.

அந்த ஏஜென்ட்கிட்ட ஒண்ணு மட்டும் கேளுங்க சார், வேலை கன்ஃபார்ம்ங்கறதை ஏர்லைன் லெட்டர்ஹெட்ல எழுதி வாங்கித் தருவாரானு. என்ன சொல்றார்னு எனக்கும் மெசேஜ் போடுங்க, அதோட பையனோட ஐஆர், மெடிக்கல் ரெண்டும் எந்த தேதி வரைக்கும் இருக்குனு அனுப்புங்க.