குழாய்ல பசை வாடை, காய்ச்சுனா போயிருமா?

கேள்வி: கானாடுகாத்தான்ல பழைய வீடு டாக்டர். அடுப்படிக்கு வர்ற பிவிசி பைப் விட்டுப்போச்சு, நானே சால்வென்ட் சிமெண்ட் வாங்கி ஒட்டி அரைமணி நேரத்துல தண்ணிய திறந்துட்டேன். ரெண்டு நாளா பெயிண்ட் வாடை. அப்பத்தாவுக்கு வயித்தப் பிரட்டுதாம், 7 மாசக் குழந்தைக்கு அந்தத் தண்ணில தான் பவுடர் பால் கரைச்சோம். காய்ச்சுனா போதுமா, இல்ல டேங்க்ல பிளீச்சிங் பவுடர் போடவா?

பதில்: தம்பி, ரெண்டும் வேணாம். மொதல்ல குழந்தைக்கு அந்தக் குழாய்த் தண்ணிய இப்பவே நிறுத்துங்க. ஒட்டுன இடம் டேங்குக்கு கீழ தான இருக்கு, அதனால டேங்க்லயே சுத்தமான வாளி விட்டு மோந்து காய்ச்சி ஆறவச்சுக் குடுக்கலாம், ஊருணித் தண்ணியும் அப்படித்தான், கேன் தண்ணினாலும் குழந்தைக்கு காய்ச்சிருங்க.

அந்தப் பசைல டெட்ராஹைட்ரோஃபியூரான், எம்இகே, சைக்ளோஹெக்சனோன்னு கரைப்பான்கள் இருக்கு, அதுதான் பிளாஸ்டிக்க இளக்கி ஒட்ட வைக்குது. காயறதுக்கு முன்னாடி தண்ணி போனா கூடவே கரைஞ்சு வரும். மொதல் ரெண்டும் 66, 80 டிகிரிலயே ஆவியாகும், அதாவது காய்ச்சுனா அடுப்படில நிக்கறவங்க மூக்குக்குள்ள போகும், சைக்ளோஹெக்சனோன் கொதிக்க 155 டிகிரி வேணும், அது காய்ச்சுனாலும் முழுசாப் போகாது. பிளீச்சிங் பவுடர் கிருமியத்தான் கொல்லும், இதை எடுக்காது, எம்இகே மாதிரி சரக்கோட சேந்தா கொஞ்சம் குளோரோஃபார்ம் கூட உண்டாகும், அதனால தயவுசெஞ்சு போட்றாதீங்க.

செய்ய வேண்டியது இதுதான். ஆர்ஓ மெஷினுக்கும் கீசருக்கும் போற வால்வ மூடிருங்க, குழாய் முனைல இருக்கற சல்லடைய கழட்டிட்டு பச்சத்தண்ணிய முழு வேகத்துல கால்மணி நேரம் ஓட விடுங்க, முத்தத்துல விட்டா அது கிணத்துக்குப் போற வழியானு பாத்துக்கங்க. ராத்திரி முழுக்க மூடி வச்சு காலைல மொதத் தண்ணிய ஒரு எவர்சில்வர் டம்ளர்ல பிடிச்சு மோந்து பாருங்க, வாடை இருந்தா திரும்ப ஓட விடுங்க. மூணு நாலு தடவைக்கு அப்பறமும் விடலைனா உள்ள பசை கட்டியா வழிஞ்சு நிக்குதுனு அர்த்தம், அந்தத் துண்ட வெட்டிட்டு மெல்லிசா பசை தடவி மறுபடி ஒட்டி, இந்தத் தடவை ஒரு நாள் முழுக்க காய விடுங்க. ஒட்டும்போது ஜன்னல் கதவெல்லாம் திறந்து வைங்க, வாடை போகட்டும்னு ஊதுபத்தி சாம்பிராணி ஏத்தாதீங்க, அந்த ஆவி தீப்பிடிக்கும்.

லேசான வாடைய மூக்கு சீக்கிரமே கண்டுபிடிச்சிரும், அதனால ரெண்டு நாள் குடிச்சதுக்காக பயந்து ஒடிஞ்சு போக வேணாம். அப்பத்தாவுக்கு தண்ணிய மாத்துனதும் பிரட்டல் நிக்கணும். நிக்காம வாந்தி, தலைசுத்தல், மூச்சு வாங்கறது இருந்தாலோ, குழந்தை பால் குடிக்காம துவண்டு கிடந்தாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க, பசை டப்பாவையும் கையோட எடுத்துட்டுப் போங்க.