செகண்ட் ஹாண்ட் ஜீப்: டீசலா, பெட்ரோலா?

கேள்வி: குலசேகரத்தில் வீடு. பேச்சிப்பாறைக்கு மேலே ரப்பர் தோட்டம். போக 9 கிலோமீட்டர். அதில் கடைசி 2 கிலோமீட்டர் செம்மண் ஏற்றம், நடுவே ஓர் ஓடை. வாரத்தில் ஆறு நாள் போய்வர வேண்டும். மேலே உர மூட்டை போகும், கீழே ரப்பர் ஷீட் வரும். ஒரு தடவைக்கு 150 கிலோவுக்கு மேல் இருக்காது. 2014 மாடல் மஹிந்திரா தார் சிஆர்டிஇ (காமன் ரெயில் டீசல் எஞ்சின்) 5.9 லட்சம் சொல்கிறார்கள். 2011 மாருதி பெட்ரோல் ஜிப்சி 4 லட்சம். எதை எடுப்பது?

பதில்: முதலில் ஓட்டத்தைக் கணக்குப் போடுங்கள். நீங்கள் சொல்லும் போக்குவரத்துக்கு மாதம் 500 கிலோமீட்டர் கூட வராது. பெட்ரோல் 102 ரூபாய், டீசல் 94 ரூபாய் என்று வையுங்கள். ஜிப்சி லிட்டருக்கு 9 கிலோமீட்டரும் தார் 11 கிலோமீட்டரும் கொடுத்தால், ஜிப்சிக்குக் கிலோமீட்டருக்கு 11.33 ரூபாய், தாருக்கு 8.55 ரூபாய். வித்தியாசம் 2.78 ரூபாய்தான். டீசலுக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் 1.9 லட்சத்தை இந்த வித்தியாசத்தில் மீட்க 68,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். உங்கள் ஓட்டத்துக்கு அது 11 வருடத்துக்கும் மேல். அதுவரை டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரோ காற்றை அழுத்தித் தரும் டர்போவோ ஒரு தடவைகூடக் கையைக் கடிக்காமல் இருக்குமா? மாதம் 2,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு இதே பணம் மூன்று வருடத்துக்குள் திரும்பிவிடும். அவருக்கு டீசல்தான் சரி. மைலேஜை மட்டும் பார்த்து டீசல் வாங்குகிற ஆள் நீங்கள் இல்லை.

ஏற்றத்தில் டீசலுக்கு உள்ள பலம் உண்மையானது. அந்த தார் எஞ்சின் 247 நியூட்டன் மீட்டர் இழுவிசையை 1,800 முதல் 2,000 ஆர்பிஎம்முக்குள் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் சுற்று) தருகிறது. ஜிப்சியின் 1.3 லிட்டர் எஞ்சினுக்கு 103 தான். அதுவும் 4,500 ஆர்பிஎம் வரை முறுக்கினால். ஆனால் ஜிப்சியின் எடை ஏறத்தாழ ஒரு டன். தார் அதைவிட முக்கால் டன் கூடுதல். ஜூனிலும் ஒரு மழை, அக்டோபரிலும் ஒரு மழை என்று வாங்கும் நம்மூர்ச் செம்மண்ணில் கனமான வண்டி முதலில் புதையும். 150 கிலோவோடு ஃபோர் எல் (நாலு சக்கரமும் இழுக்கும் மெதுவேக கியர்) போட்டு முதல் கியரில் ஏறினால் ஜிப்சிக்கு அந்த ஏற்றம் பெரிய காரியமில்லை. இறக்கத்திலும் பெட்ரோலுக்குச் சின்ன அனுகூலம் உண்டு: ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் த்ராட்டில் மூடிக்கொள்வதால் எஞ்சின் பிரேக் நன்றாகப் பிடிக்கும். 400 கிலோ ஏற்றுவதாகவோ டிரெய்லர் இழுப்பதாகவோ இருந்தால் மறுபேச்சில்லாமல் டீசல்.

ஓடையைப் பொறுத்தவரை, டீசலில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அதனால் லேசாக நனைந்தாலும் பெரும்பாலும் ஓடும். ஜிப்சியில் பிளக் வயரும் இக்னிஷன் காயிலும் நனைந்தால் நடு ஓடையில் நின்றுவிடும். வயரையும் அதன் ரப்பர் மூடிகளையும் புதிதாகப் போட்டால் இதில் பாதித் தொல்லை தீரும். ஏர் ஃபில்டர் வாய் வரை தண்ணீர் ஏறினால் இரண்டுமே போச்சு. கம்ப்ரஷன் அதிகம் என்பதால் டீசலில் கனெக்டிங் ராடு வளையும் ஆபத்து கூடுதல்.

ஆகவே என் ஓட்டு ஜிப்சிக்கு. மூன்று விஷயம் பார்த்த பிறகு மட்டும்.

முதலாவது, ஆர்சி. 2011 வண்டிக்கு 15 வருடப் பதிவு முடிகிற காலம் இது. புதுப்பிக்க 5,000 ரூபாய் கட்டணம், மேலே பசுமை வரி, பிறகு ஆய்வாளர் முன் வண்டியைக் காட்ட வேண்டும். புதுப்பித்துத் தந்தால் இந்த விலை, இல்லையென்றால் அந்தச் செலவைக் கழித்து விலை என்று பேசுங்கள்.

இரண்டாவது, எத்தனால். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2011 வண்டியின் ரப்பர் குழாய்கள் அதற்காகச் செய்தவை அல்ல. இறுகி வெடித்துக் கசியும். டேங்கிலிருந்து எஞ்சின் வரை எல்லா ஹோஸையும் எத்தனால் தாங்கும் ரகத்தில் மாற்றுங்கள். எத்தனால் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். மழைக்காலத்தில் ரப்பர் வெட்டு நின்று வண்டியும் வாரக்கணக்கில் நின்றால், அரை டேங்க் பெட்ரோலோடு நிறுத்தி வைக்காதீர்கள்.

மூன்றாவது, முன் அச்சு. ஜிப்சியில் முன்சக்கரத்துக்கு உள்பக்கம், சக்கரம் திரும்பும் மூட்டான உருண்டை நக்கிள் இருக்கும். அதன் சீல் போனால் கிரீஸும் ஆயிலும் கலந்த கூழ் வெளியே வழியும். லேசான கசிவென்றால் சீல் செட் போதும். கூழ் பால் நிறத்தில் இருந்தால் ஓடைத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, பேரிங்கும் போயிருக்கும். எஞ்சினில் நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் அளக்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. டைமிங் பெல்ட் மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள்.

தார்தான் பிடித்திருக்கிறது என்றால் விடியற்காலையில் போங்கள். பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். குளிர்ந்த எஞ்சின் இரண்டு மூன்று சுற்றில் பிடிக்க வேண்டும். நிற்காத நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் இன்ஜெக்டர், டர்போ, இஜிஆர் (புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி விடும் வால்வு) மூன்றில் ஒன்று. எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அதே துளைமேல் கவிழ்த்து வையுங்கள். துள்ளி விழுந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. டர்போவின் காற்றுக் குழாயைக் கழற்றித் தண்டை அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் நூலளவு ஆடலாம், முன்னும் பின்னும் அசையவே கூடாது. கடைசியாக இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் டீசலை நான்கு பாட்டிலில் பிடித்து அளப்பார்கள். ஒரு பாட்டில் மட்டும் சீக்கிரம் நிரம்பினால் அந்த இன்ஜெக்டர் மாற்ற வேண்டியது.

எந்த எரிபொருளானாலும் ஃபோர் வீல் டிரைவைச் சோதிக்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நாலு டயரும் ஒரே அளவா என்று முதலில் பாருங்கள். இரண்டு பெரிது இரண்டு சிறிது என்று ஓடிய வண்டியில், எஞ்சின் சக்தியை முன்பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தேய்ந்திருக்கும். தார்ச் சாலையில் ஃபோர் எச் (நாலு சக்கரமும் இழுக்கும் சாதாரண வேக கியர்) போட்டுத் திருப்பிப் பார்ப்பது வண்டிக்குக் கேடு. மண்ணிலோ மணலிலோ போட்டு ஓட்டுங்கள். ஃபோர் எல் போட வண்டியை முழுதும் நிறுத்தி நியூட்ரலில் மாற்றுங்கள். மேடேறும்போது லீவர் தானாக வெளியே துள்ளினால் வேண்டாம். முன்பின் அச்சுகளில் உள்ள இரண்டு டிஃபரன்ஷியலிலும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் பிளக்கைத் திறந்து ஆயிலை விரலில் தொட்டுப் பாருங்கள். பால் கலந்த காபி நிறம் என்றால் உள்ளே தண்ணீர்.

கேள்வி: குளச்சல். 2021 தார், டீசல் ஒன்று, பெட்ரோல் ஒன்று விலைக்கு வந்திருக்கின்றன. இரண்டும் ஃபோர் பை ஃபோர். பெரும்பாலும் ஊருக்குள்தான் ஓட்டுவேன்.

பதில்: ஊருக்குள் மட்டும் என்றால் பெட்ரோல். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை அது தானே எரித்துக்கொள்ள 15, 20 நிமிடம் நிற்காத ஓட்டம் தேவை. வீடு, துறைமுகம், சந்தை என்று 3 கிலோமீட்டர் ஓட்டத்தில் அந்த வாய்ப்பே வராது. எரிப்பு பாதியில் நின்றுகொண்டே இருந்தால் கரியை எரிக்கக் கூடுதலாகத் தெளித்த டீசல் எஞ்சின் ஆயிலில் கலக்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு குறைவதற்குப் பதில் ஏறியிருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். வாரத்துக்கு ஒருமுறையாவது காவல்கிணறு தாண்டி திருநெல்வேலி நாற்கரச் சாலையில் ஓடுகிறவருக்கு இந்தத் தொல்லை வராது.

உங்கள் ஊரில் எரிபொருளைவிடத் துருதான் பெரிய கேள்வி. கடற்கரையில் கிடந்த வண்டிக்கு அடியில் புதுக் கறுப்பு அண்டர்கோட் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். சின்னச் சுத்தியலால் சேஸிஸைத் தட்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டும், பொத்தென்று கேட்கக் கூடாது. பாடி உட்காரும் மவுண்ட், பிரேக் பைப், டேங்கைப் பிடித்திருக்கும் பட்டை, பின்கதவின் கீழ்மடிப்பு, இந்த நான்கு இடமும் முதலில் போகும். வாங்கிய பிறகு மாதம் இருமுறை அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

கேள்வி: மார்த்தாண்டம். நெய்யாற்றின்கரையில் கேரளப் பதிவுள்ள ஜீப் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் மலிவு என்பது வரி கட்டிய பிறகு தெரிகிற விலை. பதிவான அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்து விற்பவர் என்ஓசி (தடையில்லாச் சான்று) எடுத்துத் தர வேண்டும். கடன் இருந்திருந்தால், அது தீர்ந்தது என்பதற்கு வங்கியின் படிவம் 35. இவை கையில் வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். பிறகு 29, 30 படிவங்களில் பெயர் மாற்றம், படிவம் 27இல் மார்த்தாண்டத்துக்கான டிஎன் 75 எண். தமிழ்நாட்டு ஆயுள் வரியை வண்டியின் வயதுக்கேற்பக் கட்ட வேண்டும். கேரளத்தில் கட்டிய வரியில் மிச்சக் காலத்துக்கு உள்ளதை அங்கே விண்ணப்பித்துத் திரும்பக் கேட்கலாம். பரிவாகன் தளத்தில் அபராத பாக்கியையும் பாருங்கள்.

பெரிய டயர், இரும்பு பம்பர், ஆர்சியில் ஏறாத ஹார்டுடாப் உள்ள வண்டியை மறுபதிவு ஆய்வில் திருப்பி அனுப்புவார்கள். கழற்றி வைத்த பழைய பாகங்களையும் சேர்த்துக் கேளுங்கள். 2018 ஆகஸ்ட் கேரள வெள்ளத்துக்கு முந்திய மாடல் என்றால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடிநுனியில் சேற்றுக் கோடு இருந்தால் வண்டி மூழ்கியது. டீசல் சிஆர்டிஇ மூழ்கியிருந்தால் எஞ்சின் ஓடினாலும் வயரிங் கனெக்டர்கள் பச்சை பூத்து, ஒவ்வொரு மழைக்கும் ஒவ்வொரு சென்சாராகச் சொதப்பும். அந்த வண்டியை எந்த விலைக்கும் எடுக்க வேண்டாம்.