நேரலையில் கலைஞரும் ரசிகரும் ஒட்டுவதற்கு என்ன செய்யலாம்?

'நேரலையில் பாடும்போது சுவரைப் பார்த்துப் பாடுவது போலவே இருக்கிறது, இதற்குத் தொழில்நுட்பத்தில் வழி உண்டா?' என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. நேரலைகளுக்கு ஒலி பார்த்துக் கொடுப்பது என் வேலை. நான் பார்த்தவரை எல்லோரும் முதலில் கேமராவுக்குத்தான் செலவு செய்கிறார்கள், ரசிகரின் குரல் கலைஞரின் காதுக்கு எப்படி வந்து சேரும் என்று யோசிப்பவர்கள் ரொம்பக் குறைவு.

ஜெர்மனியின் பெர்லின் பில்ஹார்மோனிக் இசைக்குழு 2008-லேயே தன் கச்சேரிகளுக்கு இணைய அரங்கம் தொடங்கிவிட்டது. ஆனால் அங்கே வழக்கமாக அரங்கு நிறைய ஆட்கள் இருப்பார்கள், கைதட்டல் அங்கேயே கிடைத்துவிடும். அறையில் தனியாகப் பாடுபவருக்கு அது கிடையாது.

முதலில் ஒலியைச் சரி செய்யுங்கள். ஜூம் மாதிரியான செயலிகள் பேச்சை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. பேச்சு விட்டுவிட்டு வரும், மின்விசிறிச் சத்தம் ஒரே சீராக வரும், அதனால் சீராக நீளும் எதையும் இரைச்சல் என்று நினைத்து அமுக்கப் பார்க்கும். புல்லாங்குழலில் ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பிடித்தால் தொடக்கம் நன்றாகக் கேட்கும், அப்புறம் தேய்ந்து தேய்ந்து காணாமல் போகும், வாசிப்பவருக்கு அது தெரியவே தெரியாது. இசைக்கென்றே அதில் 'ஒரிஜினல் சவுண்ட்' வசதி இருக்கிறது. அதைப் போட்டு, ஹெட்போனும் மாட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்தது தாமதம். ஒலி காற்றில் 10 மீட்டர் போக ஏறக்குறைய 30 மில்லிவிநாடி ஆகும், இணையத்தில் தாமதம் அதைத் தாண்டிப் போகப் போகச் சேர்ந்து வாசிப்பவர்களுக்குத் தாளம் இழுக்கத் தொடங்கும். (வேறு வேறு இடங்களிலிருந்து சேர்ந்து வாசிக்க ஜமுலஸ், ஜாக்ட்ரிப் என்ற மென்பொருள்கள் இருக்கின்றன, வைஃபையை விட்டுவிட்டுக் கேபிள் செருகினால்தான் சரிப்படும்.) யூடியூப் நேரலையிலோ தாமதம் விநாடிக் கணக்கில். அடுத்த பாட்டின் முதல் வரிக்கே போயிருப்பீர்கள், போன பாட்டுக்கான 'ஆஹா' அப்போதுதான் வந்து விழும்! குறைந்த தாமத அமைப்பைத் தேர்ந்தெடுத்தாலும் சில விநாடிகள் மிஞ்சும். ஆகவே பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே வேண்டுமென்றே இடைவெளி விடுங்கள், எழுதியவரின் பெயரைச் சொல்லிப் பதில் பேசுங்கள்.

எனக்குப் பிடித்த முறை இன்னொன்று: பத்து இருபது பேரை மட்டும் ஜூமில் அழைத்து, பாட்டு முடிந்ததும் எல்லோருடைய மைக்கையும் திறந்துவிடச் சொல்வது. கைதட்டல் கலைந்துதான் வரும், இருந்தாலும் பாடியவரின் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அப்படியே வந்தவர்களின் மின்னஞ்சலையும் கேட்டு வாங்கி வையுங்கள். அடுத்த நிகழ்ச்சியை யாருக்குக் காட்டுவது என்று தளம்தான் தீர்மானிக்கிறது, மின்னஞ்சலில் நீங்களே நேராகச் சொல்லிவிடலாம்.