மெட்டாலிகாவின் ஒலி மாறியது ஏன்? கேள்வி பதில்

பெரம்பூரில் ஒலிப்பதிவுக்கூடம் நடத்துகிறவன் என்ற முறையில், அமெரிக்க ஹெவி மெட்டல் இசைக்குழுவான மெட்டாலிகாவைப் பற்றி வடசென்னை ராக் ரசிகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு ஒலி பற்றிய அளவில் பதில் தருகிறேன். கைபேசியின் ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

பெரம்பூர்: 1991 ஆல்பத்தோடு மெட்டாலிகா விலைபோய்விட்டது என்கிறார் என் அண்ணன். சரிதானா?

பாதி சரி. 1986, 1988 ஆல்பங்களில் எட்டு, ஒன்பது நிமிடம் ஓடி, நடுவில் தாளமும் வேகமும் மாறுகிற பாடல்கள் பல உண்டு. பாப் ராக் (Bob Rock) என்பவர் தயாரிப்பாளராக வந்த பிறகு, 1991இல் பெரும்பாலானவை ஐந்தாறு நிமிடங்களில் முடிந்துவிடுகின்றன. ஆனால், குழுவின் பேஸ் (தாழ்சுருதி) கிதார் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் 1986இல் சுவீடனில் பேருந்து விபத்தில் இறந்தபின் சேர்ந்த ஜேசன் நியூஸ்டெட்டின் பேஸ் கிதார், 1988 ஆல்பத்தில் ஏறக்குறைய காதிலேயே விழாது. 1991இல் அதே பேஸ் நெஞ்சில் வந்து மோதுகிறது. பாடல் கட்டமைப்பு எளிமையானது, பதிவு செழித்தது. அண்ணன் முதலாவதைப் பேசுகிறார், அவரோடு சண்டையிடுகிறவர்கள் இரண்டாவதைப் பேசுகிறார்கள்.

தண்டையார்பேட்டை: 1996இல் முடியை வெட்டியதும் இசையும் போய்விட்டதல்லவா?

முடி என் துறை அன்று.

கொருக்குப்பேட்டை: பணத்துக்காகத்தானே மாறினார்கள்?

முதல் பதிலைப் படியுங்கள்.

வியாசர்பாடி: 2003 ஆல்பத்தில் டிரம் தகர டப்பாவைப் போல் ஒலிப்பது ஏன்?

ஸ்நேர் டிரம்மின் அடித்தோலை ஒட்டிச் சில கம்பிகள் இருக்கும். அவை தோலோடு அதிர்வதால்தான் அடி ‘சடார்’ என்று வெடித்து உடனே அடங்குகிறது. குழுவின் டிரம்மர் லார்ஸ் உல்ரிக் அந்தக் கம்பிகளை விலக்கிவிட்டு வாசித்ததால் டிரம் கூட்டின் முழக்கம் மட்டும் மிஞ்சியது. போதாக்குறைக்கு அந்த ஆல்பத்தில் கிதார் சோலோவே (தனி வாசிப்பே) இல்லை. காதுக்கு ஒதுங்க இடமில்லை.

இராயபுரம்: நான் சட்டி மேளம் வாசிக்கிறவன். எங்கள் சட்டியிலும் அந்த முழக்கம்தான் உயிர். அது எங்களிடம் அழகு, அவர்களிடம் குறையா?

இன்றைய கேள்விகளில் இதுவே சிறந்தது. முழக்கம் குறையே அன்று. நீங்கள் தெருவில் நடந்துகொண்டே வாசிக்கிறீர்கள். ஒலி திறந்த வெளியில் கரைகிறது, பறை முன்னே வந்தால் சட்டி அடங்கிக்கொடுக்கிறது, அடிக்கும் இடமும் அழுத்தமும் அடிக்கடி மாறுகின்றன. அந்த ஆல்பத்திலோ 75 நிமிடமும் ஒரே முழக்கம் ஒரே உரப்பில் முன்னால் நிற்கிறது. என் குறை அந்த ஒலிக்கலவையின் மேல்தான்.

வியாசர்பாடி (மறுபடியும்): இராயபுரத்துக்காரர்கள் மட்டும் மாறவில்லையா? இப்போது சட்டிக்கு எல்லாம் பைபர் என்ற செயற்கைத் தோல்தானே?

இராயபுரம்: மழைக்காலத்தில் மாட்டுத்தோல் தொய்ந்துவிடும். முட்டுச்சந்தில் வைக்கோல் கொளுத்தி, தோலைக் காய்ச்சி இறுக்க இடம் எங்கே இருக்கிறது? நீங்கள் வந்து கொளுத்திக் கொடுப்பீர்களா?

இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். பைபரின் ஒலி கூர்மையானது, தூரம் போகும். காய்ச்சிய தோலின் அடிக்கனம் அதில் வராது. வாசிப்பவருக்கு அதை மாற்றத் தக்க காரணம் இருக்கிறது, கேட்பவருக்கு இழப்பும் இருக்கிறது. ஒன்றைச் சொல்லி மற்றதை மறுக்க முடியாது. இதற்குமேல் சட்டியைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளுங்கள், மெட்டாலிகா காத்திருக்கிறது.

திருவொற்றியூர்: 2008 ஆல்பம் இரைச்சலாக இருக்கிறது என்றால் ‘உனக்கு வயதாகிவிட்டது’ என்கிறார்கள்.

வயதுக்கும் இதற்கும் தொடர்பில்லை; ரசிகர்களின் குறை முழுக்க நியாயமான இடம் இது. எல்லாவற்றையும் உச்ச உரப்புக்கு நெருக்கியதில் ஒலி அலையின் முனைகள் வெட்டுப்பட்டு, டிரம் அடியில் கரகரப்பு ஏறிவிட்டது. அதே பாடல்கள் ‘கிதார் ஹீரோ’ வீடியோ விளையாட்டில் அவ்வளவு நெருக்கப்படாமல் வந்ததால், இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்டவர்கள் ஆல்பத்தை மறுபடி கலந்து வெளியிடுமாறு மனுவே போட்டார்கள். ஒப்பிடுகிறவர்கள் இரண்டின் உரப்பையும் சமமாக வைத்துக் கேளுங்கள். கைபேசியில் வேண்டாம்.

எண்ணூர்: மெட்டாலிகா விலைபோனது எந்த ஆண்டு?

முதல் பதில்.

மணலி: 2011 அக்டோபர் 30 அன்று பெங்களூரு அரண்மனை மைதானத்தில் கேட்டபோது பழையதும் புதியதும் ஒன்றுபோல் இருந்தனவே?

மேடையில் எந்த ஆண்டுப் பாடலுக்கும் அதே நால்வர், அதே கருவிகள், அதே ஒலிபெருக்கிகள். ஆல்பத்துக்கு ஆல்பம் மாறும் தயாரிப்பாளரும் ஒலிக்கலவையும் அங்கே கிடையாது. மிஞ்சுவது பாடல் கட்டமைப்பு மட்டுமே. மைதானத்தில் நீங்கள் வேறுபாட்டை உணரவில்லை என்றால், அதுவரை உங்களை உறுத்தியதில் பெரும்பகுதி பதிவுக்கூடத்தின் வேலை.