ஐதானா பொன்மத்தியின் ஆட்டம்: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

பார்சிலோனா அணியின் நடுகள வீராங்கனை ஐதானா பொன்மத்தியைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றிருந்தேன். வந்த கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன். முன்கூட்டியே ஒரு வேண்டுகோள்: மூன்று நிமிடக் கோல் தொகுப்பைப் பார்த்துவிட்டு நடுகள ஆட்டக்காரரை எடைபோடாதீர்கள். முழு ஆட்டத்தைப் பாருங்கள்.

திருச்சி கல்லூரி மாணவி: அக்கா, அவர் அப்படி என்னதான் செய்கிறார்? முன்கள வீராங்கனைகள் பலர் அவரைவிட அதிகக் கோல் அடிக்கிறார்கள். உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் தோர் விருது எப்படி மூன்று முறை கிடைத்தது?

நானும் பல்கலைக்கழக அணியில் நடுகளத்தில் ஆடியவள். இப்போது பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். நீ கேட்டதைத்தான் எல்லோரும் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பந்து வருவதற்கு முந்தைய மூன்று நொடிகளைக் கவனி. பொன்மத்தியின் தலை ஓரிடத்தில் நிற்காது. வலத்தோளுக்கு மேலே ஒரு பார்வை, இடத்தோளுக்கு மேலே ஒரு பார்வை. பின்னால் எதிரணிக்காரர் எத்தனை அடி தள்ளி இருக்கிறார், எந்தப் பக்கம் இடம் காலியாக இருக்கிறது என்பதெல்லாம் பந்து காலைத் தொடும் முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, தள்ளியிருக்கும் காலால் பந்தை வாங்குகிறார். முதல் தொடுகையிலேயே தன்னை நெருங்கி வந்தவரைத் தாண்டிவிடுகிறார். என்னிடம் புதிதாக வரும் பிள்ளைகள் பந்தை வாங்கி, நிறுத்தி, அதன் பிறகுதான் தலையை நிமிர்த்திப் பார்ப்பார்கள். அந்த ஒரு நொடிக்குள் வழி அடைபட்டுவிடும். தலையைத் திருப்பும் பழக்கத்தை ஊட்டவே எனக்கு ஓராண்டு பிடிக்கிறது.

அடுத்தது, நிற்கும் இடம். எதிரணியின் நடுகள வரிசைக்கும் தடுப்பு வரிசைக்கும் இடையில் ஒரு சந்து இருக்கும். பொன்மத்தி பெரும்பாலும் அங்கேதான் நிற்பார். தடுப்பாட்டக்காரர் அவரைப் பிடிக்க முன்னேறி வந்தால், வந்தவரின் முதுகுக்குப் பின்னால் இடம் திறக்கும்; அங்கே வேறொருவர் ஓடுவார். வராமல் நின்றுவிட்டால், பொன்மத்தி திரும்பிக் கோலை நோக்கிப் பந்தை ஓட்டுவார். இரண்டில் எதைச் செய்தாலும் எதிரணிக்குச் சேதம்தான். உயரம் சுமார் 1.62 மீட்டர். இடித்துத் தள்ளி ஆட உயரம் துணை செய்யாது, ஆகவே இடி விழும் முன்பே விலகக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவருக்கு இந்தச் சுதந்திரத்தைக் கொடுப்பவர் பின்னால் நிற்கும் பத்ரி கிஹாரோ. பொன்மத்தி முன்னேறும்போது காலியாகும் இடத்தைக் காப்பவர் அவர்தான். ஐரோப்பிய கிளப் அணிகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் 2023 இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க் அணியிடம் 0-2 என்று பின்தங்கியிருந்தபோது, இடைவேளைக்குப் பின் அடுத்தடுத்து இரண்டு கோல் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தவரும் பத்ரியே. பார்சிலோனா 3-2 என வென்றது. நடுகளம் கூட்டு வேலை. விருது ஒருவர் கைக்குப் போகிறது.

நாகர்கோவில் வாசகர்: பொன்மத்தி என்பது அம்மாவின் குடும்பப்பெயராமே, உண்மையா?

உண்மை. முழுப்பெயர் ஐதானா பொன்மத்தி கொன்கா. ஸ்பெயினில் ஒருவருக்கு இரண்டு குடும்பப்பெயர்கள் உண்டு; அந்நாளைய வழக்கப்படி தந்தையின் பெயர்தான் முதலில் வரும். ஐதானா 1998 ஜனவரி 18 அன்று பிறந்தபோது தாய் ரோசா பொன்மத்தியின் பெயரை முன்னால் வைக்கப் பெற்றோர் விரும்பினார்கள். சட்டம் இடம் தரவில்லை. அதற்காகப் போராடியவர்களில் அவர்களும் அடக்கம். பெற்றோர் வரிசையை முடிவு செய்துகொள்ளலாம் என்ற சட்டம் 1999இல் வந்தது. அப்பா விசென்ட் கொன்காவும் அம்மாவும் கத்தலான் இலக்கிய ஆசிரியர்கள். மகள் பிற்காலத்தில் யாருக்கும் தலைவணங்காமல் பேசியதற்கு வித்து வீட்டிலேயே விழுந்திருக்கிறது.

பெயர் குறிப்பிடாதவர்: அவருடைய சம்பளம் எவ்வளவு?

அந்தக் கணக்கில் எனக்கு ஆர்வம் இல்லை.

சேலம் வாசகர்: அலெக்சியா புத்தேயாஸ், பொன்மத்தி இருவரில் யார் சிறந்தவர்?

அலெக்சியா 2021, 2022 ஆண்டுகளில் பாலோன் தோர் வென்றவர். அடுத்த மூன்று ஆண்டுகள், 2023 முதல் 2025 வரை, பொன்மத்தி. பெண்களில் மூன்று முறை வென்ற முதல் ஆள் இவர்தான். ஆனால் இருவரும் ஒரே வேலையைச் செய்பவர்கள் அல்லர். அலெக்சியா கோல் பகுதிக்குள் தாமதமாக ஓடிவந்து முடிப்பவர், இடக்கால் ஆட்டக்காரர். பொன்மத்தி பந்தை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பவர். 2024இல் பில்பாவோவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் பிரான்சின் லியோன் அணிக்கு எதிராக முதல் கோல் பொன்மத்தி, இரண்டாவது அலெக்சியா. இருவரையும் ஒரே அணியில் பார்க்கக் கிடைத்த நாம் ஏன் ஒருவரைக் கழிக்க வேண்டும்?

சென்னை வாசகர்: 2022இல் ஸ்பெயின் அணிக்கு ஆட மாட்டோம் என்று கடிதம் எழுதிய பதினைந்து பேரில் அவரும் ஒருவர். உலகக் கோப்பை வந்ததும் போய்ச் சேர்ந்துகொண்டார். பதக்கத்துக்காகக் கொள்கையை விட்டவர்தானே?

இல்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

2022 செப்டம்பரில் பதினைந்து வீராங்கனைகள் ஸ்பெயின் கால்பந்துக் கூட்டமைப்புக்கு ஒரே வாசகத்தில் மின்னஞ்சல் அனுப்பினார்கள். அணியில் நிலவும் சூழல் மனநிலையையும் உடல்நலத்தையும் பாதிக்கிறது, அது சரியாகும்வரை தங்களை அழைக்க வேண்டாம் என்றார்கள். கூட்டமைப்பு அதை வெளியில் போட்டு உடைத்து, மன்னிப்புக் கேட்டால்தான் திரும்ப வரலாம் என்றது. பயிற்சியாளர் ஹோர்கே வில்தாவுக்கும் முழு ஆதரவு கொடுத்தது. பல மாதப் பேச்சுக்குப் பிறகு, 2023 உலகக் கோப்பை அணியில் அந்தப் பதினைந்து பேரில் மூவர் இடம்பெற்றார்கள்: பொன்மத்தி, மரியோனா கால்தென்தே, ஓனா பாட்யே.

பயிற்சிக்குப் போகும் வண்டி முதல் மருத்துவர்வரை எல்லாவற்றுக்கும் கெஞ்சி நிற்கும் நிலை எனக்குத் தெரியும். ஒருமுறை வெளியூர்ப் போட்டிக்கு என் பிள்ளைகளை அழைத்துப் போனபோது உடை மாற்ற அறை கொடுக்கவில்லை. பஸ்ஸுக்குள் திரை கட்டி மாற்றினார்கள். மறு ஆண்டு அதே போட்டிக்குப் போவதா வேண்டாமா என்று கேட்டபோது பாதிப் பேர் போகலாம் என்றார்கள், பாதிப் பேர் மாட்டோம் என்றார்கள். இரு பக்கத்தில் யாரையும் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கோவை வாசகர்: சென்னை நண்பர் சொல்வதே சரி. அந்தப் பதினைந்து பேரில் மாப்பி லியோன் போகவில்லையே? பத்ரி போகவில்லையே? அவர்களுக்கும் உலகக் கோப்பை ஆசை இருந்திருக்கும்.

இருந்திருக்கும். அவர்கள் கொடுத்த விலை பெரிது, அதை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். ஆனால் ஒருவர் வெளியே நின்று போராடியதால் உள்ளே போனவர் துரோகி ஆகிவிட மாட்டார். உள்ளே போனவர் அங்கே என்ன செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும்.

2023 ஆகஸ்ட் 20 அன்று சிட்னியில் இங்கிலாந்தை 1-0 என வென்று ஸ்பெயின் கோப்பையை ஏந்தியது. தொடரின் சிறந்த வீராங்கனைக்கான தங்கப் பந்து பொன்மத்திக்கு. பரிசளிப்பு மேடையில் கூட்டமைப்பின் தலைவர் லூயிஸ் ருபியாலெஸ், ஸ்பெயின் வீராங்கனை ஹென்னி எர்மோசோவின் தலையைப் பிடித்து உதட்டில் முத்தமிட்டார். பதினொரு நாள் கழித்து மொனாக்கோவில் ஐரோப்பாவின் சிறந்த வீராங்கனை விருதை வாங்க மேடையேறிய பொன்மத்தி, அந்த மேடையிலேயே எர்மோசோவுக்கு ஆதரவாகப் பேசினார். அதிகார மீறலைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது என்றார். கொள்கையை விற்றவர் அந்த இடத்தில் நன்றி சொல்லிவிட்டு இறங்கியிருப்பார்.

ஈரோடு ஆசிரியை: இருவருக்கும் ஒன்று கேட்கிறேன். ஏன் எப்போதும் பெண்களையே கூண்டில் ஏற்றுகிறோம்? அந்தக் கூட்டமைப்பை அல்லவா கேட்க வேண்டும்?

நான் பத்து வரியில் சொன்னதை நீங்கள் மூன்று வரியில் சொல்லிவிட்டீர்கள், டீச்சர். வில்தா 2023 செப்டம்பர் 5 அன்று நீக்கப்பட்டார். சில நாளில் ருபியாலெஸ் பதவி விலகினார். 2025இல் நீதிமன்றம் அவரைப் பாலியல் தாக்குதல் குற்றவாளி என்று தீர்ப்பளித்து அபராதம் விதித்தது. பதினைந்து பேரும் சேர்ந்து தொடங்கியது அங்கே போய் முடிந்தது. உள்ளே நின்றவர்களுக்கும் வெளியே நின்றவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

சென்னை வாசகர்: இருந்தாலும் என் கேள்விக்கு நேரடிப் பதில் வரவில்லை.

வந்துவிட்டது, தம்பி. முதல் சொல்லே "இல்லை" என்பதுதான். இந்தப் பொருளில் மேலும் வந்திருக்கும் கேள்விகள் இதையே திருப்பிக் கேட்கின்றன, அவற்றை எடுக்கவில்லை.

வேலூர் வாசகர்: அலெக்சியாவா, பொன்மத்தியா?

மேலே சேலம் வாசகருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

மதுரை வாசகர்: இவரைப் பெண் மெஸ்ஸி எனலாமா?

வேண்டாம். தம்மைச் செதுக்கிய ஆட்டக்காரர்களாக அவர் சொல்வது பார்சிலோனாவின் முன்னாள் நடுகள ஆட்டக்காரர்களான ஷாவியையும் இனியஸ்டாவையும். அவர்களோடு ஒப்பிட்டாலாவது ஆட்டத்தைப் பற்றிப் பேசலாம். கோல் தொகுப்பு பார்ப்பவர்களுக்குத்தான் மெஸ்ஸி நினைவு வரும்.

தஞ்சாவூர் வாசகர்: பெண்கள் கால்பந்தை யார் பார்க்கிறார்கள்?

2022 மார்ச் 30, பார்சிலோனாவின் கேம்ப் நூ மைதானம், ரியால் மாட்ரிட்டுக்கு எதிராக 91,553 பேர். ஏப்ரல் 22, அதே மைதானம், வோல்ஃப்ஸ்பர்க்குக்கு எதிராக 91,648 பேர். இரண்டு ஆட்டத்திலும் பொன்மத்தி கோல் அடித்தார்.

திருநெல்வேலி வாசகி: எனக்கு முழங்கால் தசைநார் கிழிந்திருக்கிறது. ஆறு மாதத்தில் ஆடலாமா?

எலும்பு மூட்டு மருத்துவரையும் பிசியோதெரபிஸ்ட்டையும் பாருங்கள். அவர்கள் சரி என்று சொல்லும்வரை பந்தைத் தொடாதீர்கள். அலெக்சியாவுக்கு 2022 ஜூலையில், ஐரோப்பியக் கோப்பை தொடங்குவதற்கு முந்தைய நாள், இதே தசைநார் கிழிந்தது. உலகின் தலைசிறந்த மருத்துவ வசதி இருந்தும் அவர் களத்துக்குத் திரும்பக் கிட்டத்தட்டப் பத்து மாதம் ஆனது.

புதுச்சேரி வாசகர்: 2025 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் பெனால்டியைத் தவறவிட்டாரே. அழுத்தம் தாங்காதவரா?

போட்டி தொடங்கச் சில நாள் இருக்கும்போது மூளைக்காய்ச்சலோடு அவர் மருத்துவமனையில் படுத்திருந்தார். முதல் ஆட்டத்தில் கடைசி நிமிடங்களுக்குத்தான் களமிறங்கினார். ஜெர்மனிக்கு எதிரான அரையிறுதி, கூடுதல் நேரம், 113ஆவது நிமிடம். கோல் பகுதியின் ஓரத்தில், கோலே தெரியாத கோணத்தில் பந்து கிடைத்தது. எல்லோரும் குறுக்கே கொடுப்பார் என்று எதிர்பார்க்க, அருகுக் கம்பத்துக்கும் கோல்கீப்பருக்கும் நடுவே இருந்த இடைவெளியில் அடித்தார். ஒரே கோல், ஸ்பெயின் இறுதிக்குப் போனது. அழுத்தம் தாங்காதவர் செய்யும் காரியமா இது? பாஸலில் நடந்த இறுதியில் இங்கிலாந்திடம் பெனால்டியில் தோற்றபோது அவர் அடித்ததைக் கோல்கீப்பர் ஹன்னா ஹாம்ப்டன் தடுத்தார். ஸ்பெயினின் மேலும் இருவர் வாய்ப்பும் வீணானது. தொடரின் சிறந்த வீராங்கனை விருது பொன்மத்திக்கே கிடைத்தது.

கடலூரிலிருந்து ஒரு தந்தை: மேடம், என் மகளுக்குப் பதினோரு வயது. எங்கள் பகுதியில் பெண்கள் அணி இல்லை. பையன்களோடு ஆட விடலாமா? உறவினர்கள் ஒருமாதிரி பேசுகிறார்கள்.

விடுங்கள் ஐயா, தயங்காமல் விடுங்கள். பொன்மத்தியும் சொந்த ஊரான சாந் பெரே தெ ரிபஸில் பையன்களோடு ஆடித்தான் வளர்ந்தார். தன்னைவிட வேகமும் பலமும் உள்ளவர்களிடம் பந்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தால் பிள்ளை சீக்கிரம் யோசிக்கக் கற்றுக்கொள்வாள். பார்சிலோனாவின் இளையோர் அணியில் சேர்ந்த பிறகு, கார் ஓட்டத் தெரியாத அவருடைய அப்பா தினமும் ரயிலிலும் பஸ்ஸிலும் மகளைப் பயிற்சிக்கு அழைத்துப் போய்வந்தார். உங்களிடம் கேட்கப்படுவதும் அந்தத் துணைதான்.

உறவினர்களுக்குச் சொல்ல உங்கள் மாவட்டத்திலேயே ஆள் இருக்கிறார். இந்திய அணியின் நடுகளத்தில் ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். மதுரையின் சேது அணி 2018-19 பருவத்தில் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றிருக்கிறது. வழி குறுகலாக இருக்கலாம், ஆனால் இருக்கிறது.

ஒன்று மட்டும்: பதினோரு வயதில் ஓட்டமும் உடற்பயிற்சியும் என்று பிழிந்தெடுக்கும் பயிற்சியாளரிடம் கொடுக்காதீர்கள். அவள் கையில், அதாவது காலில், பந்து இருக்க வேண்டும்.

விருதுநகர் வாசகர்: அலெக்சியாவைப் பற்றி ஏன் எழுதவில்லை? அவர்தானே சிறந்தவர்?

மூன்றாவது முறை. சேலம் வாசகருக்கான பதில்.

திருச்சி கல்லூரி மாணவி: அக்கா, மீண்டும் நான்தான். ஒரே ஓர் ஆட்டம் பார்க்க வேண்டும் என்றால் எதைப் பார்க்கட்டும்?

2024 மே 25, பில்பாவோ. அதுவரை பார்சிலோனா ஒருமுறைகூட வெல்லாத லியோன் அணி. 2019 இறுதியில் 1-4, 2022 இறுதியில் 1-3 என்று தோற்ற வலி அந்த அணிக்குள் இருந்தது. பொன்மத்தியின் கோல் 63ஆவது நிமிடத்தில் வருகிறது. மரியோனா கொடுத்த பந்தை வாங்கி, தடுப்பாட்டக்காரரை ஏமாற்றி அடிக்கிறார். பந்து எதிரணிக்காரர் மேல் பட்டு உள்ளே போகிறது. தொகுப்பில் பார்த்தால் அதிர்ஷ்டம் என்று தோன்றும். அதனால் தொடக்க விசிலிலிருந்து பார். பந்தை விட்டுவிடு, கண்ணை 14ஆம் எண் சட்டை மேல் மட்டும் வை. ஒரு தாளை எடுத்துக்கொண்டு, பந்து வரும் முன் எத்தனை முறை தலையைத் திருப்புகிறார் என்று முதல் பாதி முழுவதும் கோடு போட்டு எண்ணிக்கொண்டே வா. இடைவேளையில் எண்ணிக்கையை எனக்கு எழுது.