எண்பத்தெட்டு – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

என் பையன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். ஏழரை வயது. கொளத்தூரில் வீடு, பக்கத்திலேயே இங்கிலீஷ் மீடியம் பள்ளி. வீட்டில் நாங்கள், மாமியார் எல்லோரும் பேசுவது தமிழ்தான். கூட்டல் கழித்தல் நன்றாகப் போடுவான். ஸ்டேட்மென்ட் சம் வந்தால் மட்டும் திணறுகிறான். அதனால் பள்ளியிலேயே ஒரு சைக்காலஜிஸ்ட்டை வரவழைத்து ஐ.க்யூ. பார்த்தார்கள், முழுக்க இங்கிலீஷில். வாய்மொழிப் பகுதி 79, செயல் பகுதி 97, மொத்தம் 88 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. "வீட்ல தமிழ் பேசறதாலதான் குழம்பறான், இனிமே இங்கிலீஷ்லயே பேசுங்க" என்கிறார் டீச்சர். எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராது. 88 என்றால் மக்கு என்று அர்த்தமா? தமிழில் யோசித்து, மனசுக்குள் மொழிபெயர்த்துச் சொல்வதால்தான் தாமதமாகிறதா? வீட்டில் மொழியை மாற்றத்தான் வேண்டுமா?

எஸ்., கொளத்தூர்

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: மாற்ற வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் அந்த 88-ஐப் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

79-ஐயும் 97-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 88. அவ்வளவுதான் அந்த எண். உப்பு தூக்கலான சாம்பாரையும் உப்பே போடாத ரசத்தையும் ஒன்றாக ஊற்றிவிட்டு, உப்பு அளவாக இருக்கிறது என்று சொல்வது போன்ற கணக்கு இது. இரண்டு பகுதிக்கும் நடுவில் 18 புள்ளி இடைவெளி இருக்கும்போது சராசரியைப் பார்ப்பதை விட்டுவிட்டு இடைவெளியைத்தான் பார்க்க வேண்டும். அதற்காக அந்த இடைவெளியை நோயின் அறிகுறி என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1970-களில் அமெரிக்கக் குழந்தைகளிடம் வெக்ஸ்லர் சோதனையை (உலகில் பரவலாகப் பயன்படும் ஐ.க்யூ. சோதனை இது) தரப்படுத்தியபோதே, ஏறக்குறைய நாலில் ஒரு குழந்தைக்கு 15 புள்ளியோ அதற்கு மேலோ வித்தியாசம் இருந்தது.

இந்த எண்கள் மார்க் அல்ல, வரிசையில் ஓர் இடம். சராசரியை 100 என்று வைத்து, 15 புள்ளிக்கு ஒரு படி என்று அளக்கிறார்கள். அதே வயதுள்ள நூறு குழந்தைகளை நிறுத்தினால் 97 எடுத்தவனுக்குக் கீழே சுமார் 42 பேர், 88-க்குக் கீழே 21 பேர், 79-க்குக் கீழே 8 பேர் இருப்பார்கள். 80 முதல் 89 வரை 'சராசரிக்குச் சற்றுக் கீழ்' என்பது வழக்கமான பெயர். அறிவுசார் குறைபாடு என்று சொல்ல எண் 70-ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்க வேண்டும். அதுவும் போதாது. குளிப்பது, உடுத்துவது, காசு எண்ணுவது, கடைக்குப் போய் வருவது போன்ற அன்றாட வேலைகளிலும் வயதுக்குத் தக்க திறமை இல்லை என்று தெரிய வேண்டும். மக்கு என்ற சொல்லுக்கு இதில் எங்கும் இடமில்லை.

எண்ணைச் சுற்றி ஒரு வேலியும் உண்டு. 0.95 நம்பகத்தன்மை உள்ள மிக நல்ல சோதனையிலேயே திட்டப்பிழை, அதாவது எண் தற்செயலாக ஏறி இறங்கக்கூடிய அளவு, சுமார் 3.4 புள்ளி. இருபுறமும் அதன் இரு மடங்கை விட்டுப் பார்ப்பது வழக்கம். ஆகவே 88 என்பதை '81-லிருந்து 95-க்குள்' என்று படிக்க வேண்டும். நல்ல ரிப்போர்ட்டில் இந்த எல்லை அச்சாகியிருக்கும். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். எந்தச் சோதனை, எந்த ஆண்டின் தரநிலை (எந்த ஆண்டுக் குழந்தைகளோடு ஒப்பிடுகிறார்கள்) என்பதையும் கேளுங்கள். வாய்மொழி, செயல் என்று இரண்டாகப் பிரிப்பது பழைய முறை. வெக்ஸ்லரின் குழந்தைகள் சோதனை 2003-இல் வந்த பதிப்பிலேயே அதைக் கைவிட்டுவிட்டது. நம் நாட்டில் இன்னும் பலர் பயன்படுத்துவது 1969-இல் மாலின் என்பவர் இந்தியக் குழந்தைகளுக்காக அமைத்த அளவுகோல். உங்கள் பையனுக்கும் அநேகமாக அதுதான் வைத்திருப்பார்கள். தரநிலை பழசாகப் பழசாக எண் ஊதிப்போகும், ஏனென்றால் தலைமுறைக்குத் தலைமுறை இந்தச் சோதனைகளில் மதிப்பெண் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. ஜேம்ஸ் ஃப்ளின் என்ற ஆய்வாளர் 1984-இல் அமெரிக்கத் தரவுகளில் காட்டிய ஏற்றம் பத்தாண்டுக்குச் சுமார் 3 புள்ளி. அப்படியானால் இன்றைய தரநிலையில் அந்த 88 இன்னும் குறையக்கூடும். இது உங்களுக்கு ஆறுதல் தரும் செய்தி அல்ல. ஆனால் மறைக்கவும் முடியாது.

இனி அந்த 79. வாய்மொழிப் பகுதியில் பொது அறிவு, சொற்பொருள், ஒற்றுமை காணல், மனக்கணக்கு, எண்களைத் திருப்பிச் சொல்லுதல் என்று பல துண்டுகள் இருக்கும். ஒற்றுமை காணலை மட்டும் எடுத்துக்கொள்வோம். அசல் கேள்விகளைப் பொதுவில் எழுதக் கூடாது. அதே ஜாதியில் ஒன்று: 'இட்லிக்கும் தோசைக்கும் என்ன ஒற்றுமை?' 'ரெண்டும் வெள்ளை' என்றால் சைபர். 'ரெண்டையும் மாவுல செய்வாங்க' என்றால் ஒன்று. 'ரெண்டும் பலகாரம்' என்றால் இரண்டு. முழு மதிப்பெண் வகைப்பெயருக்குத்தான். இதே கேள்வியை உங்கள் பையனிடம் தமிழில் கேட்டால் 'டிபன்' என்று சட்டென்று சொல்லக்கூடும். இங்கிலீஷில் கேட்டால், தெரிந்ததைச் சொல்ல அந்தச் சொல் கைவசம் இல்லாமல், 'வைட்' என்று சொல்லி சைபர் வாங்குவான். அவனுக்கு வகை தெரியவில்லை என்று ரிப்போர்ட் முடிவு கட்டும்.

வகைப்படுத்துவதே புத்தி என்பதும் பள்ளிக்கூடம் கற்றுத்தரும் பழக்கம்தான். 1930-களின் தொடக்கத்தில் உஸ்பெகிஸ்தானில் லூரியா என்ற ரஷ்ய உளவியலாளர் எழுத்தறியாத விவசாயிகளிடம் சுத்தியல், ரம்பம், கோடாலி, மரக்கட்டை நான்கையும் காட்டி, சேராத ஒன்றைக் கேட்டார். மரக்கட்டை இல்லாமல் மற்ற மூன்றுக்கும் என்ன வேலை என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். அரிவாள்மனையையும் கத்தரிக்காயையும் ஒரே பக்கம் வைக்கும் பாட்டி தவறாக யோசிக்கவில்லை. சமையல் நடக்கிற வழியில் யோசிக்கிறார்.

எண்களைத் திருப்பிச் சொல்வதில் நிலைமை தலைகீழ். சோதிப்பவர் நொடிக்கு ஓர் இலக்கம் வீதம் சொல்வார், குழந்தை திருப்பிச் சொல்ல வேண்டும். நம் குறுகியகால நினைவில் நிற்பது சுமார் இரண்டு நொடிக்குள் உச்சரிக்க முடிந்த அளவு. வேல்ஸ் மொழியில் எண்ணுப்பெயர்கள் சொல்ல நேரம் பிடிப்பதால், அம்மொழியில் சோதித்தால் எண் நினைவு குறைவாக வருகிறது என்று 1980-இல் எல்லிஸ், ஹெனலி என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்று நம் இலக்கங்களுக்கும் இரண்டு அசை, ஒம்பதுக்கு மூன்று. இங்கிலீஷில் ஏழைத் தவிர எல்லாம் ஒரே அசை. சென்னையில் கீரை விற்கும் அம்மாகூட போன் நம்பரை 'நைன் எயிட் ஃபோர்' என்றுதான் சொல்கிறார். ஆகவே இந்தத் துண்டைத் தமிழில் வைத்தால் பையனுக்கு நஷ்டம்கூட வரலாம். எல்லாவற்றையும் தமிழுக்கு மாற்றிவிட்டால் நியாயம் ஆகிவிடும் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

மொழிபெயர்ப்புத் தாமதம் பற்றிக் கேட்டீர்கள். யோசனை முழுவதும் மொழிக்குள் நடப்பதில்லை. மூளைப் பாதிப்பால் பேச்சையும் புரிதலையும் பெருமளவு இழந்தவர்களில் சிலர் கணக்குப் போடுகிறார்கள், சதுரங்கம் ஆடுகிறார்கள். கட்டைகளை அடுக்கி உருவம் அமைப்பது போன்ற வேலைகள் உள்ள செயல் பகுதியில் உங்கள் பையன் 97 எடுத்ததும் மொழியைப் பெரிதாகத் தொடாமல்தான். இரண்டு மொழி தெரிந்தவர் சொல்லைத் தேடி எடுப்பதில் வருகிற தாமதம் நொடியில் சிறு பங்கு. ஒரு கணக்கில் ஐந்து நிமிடம் சிக்கி நிற்பதற்கு அது காரணம் ஆகாது. சிக்கல் அநேகமாகக் கேள்வியின் வாக்கியத்தில் இருக்கிறது. அதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

அவன் தவறவிட்ட ஆறு கணக்குகளை எடுங்கள். முதல் நாள் இங்கிலீஷில் அவனே படித்துப் போடட்டும். இரண்டு நாள் கழித்து எண்களை மாற்றித் தமிழில் நீங்கள் வாசியுங்கள். இன்னும் இரண்டு நாள் கழித்து வெறும் 13 – 5 மாதிரி எழுதிக் கொடுங்கள். ஒரே நாளில் மூன்றையும் வைத்தால் விடை நினைவில் நின்று முடிவு கெட்டுவிடும். தமிழில் வாசித்தால் நான்கு ஐந்து சரியாக வந்து, இங்கிலீஷில் ஒன்றிரண்டுதான் வருகிறது என்றால் தடை மொழியில். வெறும் கணக்கு வந்து, தமிழிலும் வரவில்லை என்றால் கணக்கின் அமைப்பு புரியவில்லை. இதைப் பாருங்கள்: 'ரவியிடம் 8 கோலி. இது குமாரிடம் இருப்பதைவிட 5 குறைவு. குமாரிடம் எத்தனை?' 'குறைவு' என்று கேட்டதும் கழித்து 3 என்பார்கள். விடை 13. எந்த மொழியில் கேட்டாலும் பிள்ளைகள் சறுக்குகிற இடம் இது. கோலியை வைத்து இரண்டு வரிசை அடுக்கிக் காட்டினால் விளங்கிவிடும். வெறும் கணக்கும் வரவில்லை, எழுத்துக்கூட்டிப் படிப்பதிலும் தடுமாறுகிறான் என்றால் கற்றல் குறைபாட்டுக்குத் தனியாகப் பார்க்க வேண்டும். எப்படியானாலும் முதலில் கண், காது இரண்டையும் பரிசோதித்துவிடுங்கள். கடைசி பெஞ்சிலிருந்து போர்டு தெரியாமல் 'மந்தம்' ஆன பிள்ளைகள் உண்டு.

இப்போது வீட்டு மொழி. தாய்மொழி குழப்புகிறது என்ற எண்ணம் பழசு. 1923-இல் வேல்ஸில் சேர் (Saer) என்பவர் நடத்திய ஆய்வில் இரட்டைமொழிக் குழந்தைகள் பின்தங்கியிருந்தார்கள். ஆனால் அந்தப் பின்னடைவு கிராமங்களில்தான் தெரிந்தது, நகரங்களில் இல்லை. 1962-இல் மான்ட்ரியலில் பீல், லாம்பர்ட் என்ற ஆய்வாளர்கள் பத்து வயதுப் பிள்ளைகளைக் குடும்ப வசதி பார்த்துச் சமப்படுத்தி ஒப்பிட்டபோது, இரட்டைமொழிப் பிள்ளைகளே முன்னால் நின்றார்கள். அவர்கள் இரண்டு மொழியிலும் தேறியவர்களாகப் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு மொழி பேசினால் மூளை கூர்மையாகும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம். பிற்காலத்துப் பெரிய ஆய்வுகளில் அந்த லாபம் நிலையாகத் தெரியவில்லை. நஷ்டம் இல்லை, அதுவே போதும்.

உண்மையான நஷ்டம் டீச்சர் சொன்ன வழியில்தான் வரும். நீங்கள் தமிழில் பேசினால் 'ஏன் பால் பொங்கி வழியுது, தண்ணி மட்டும் வழியல?' என்று அவன் கேட்பான், நீங்களும் விளக்குவீர்கள். இங்கிலீஷுக்கு மாறினால் 'கம்', 'ஈட்', 'ஹோம்வொர்க் ஓவர்?' என்று பேச்சு சுருங்கிவிடும். மாமியாரோடு பேச்சே நின்றுவிடும். ஒரு மொழியில் காரணம் சொல்லப் பழகிய பிள்ளை அடுத்த மொழிக்கு அதை எடுத்துப்போகும். விளையாட்டு மைதானத்து இங்கிலீஷ் இரண்டு வருடத்தில் வந்துவிடும், பாடப்புத்தக இங்கிலீஷ் பிடிபட ஐந்து முதல் ஏழு வருடம் ஆகும் என்பது ஜிம் கம்மின்ஸ் என்ற மொழிக்கல்வி ஆய்வாளர் கனடாவில் கண்டது. இவன் பள்ளிக்குப் போகத் தொடங்கி எத்தனை வருடம் ஆகிறது?

தினமும் இருபது நிமிடம் போதும். ஒரு கணக்கைத் தமிழில் பேசித் தீர்த்துவிட்டு, அதே கணக்கின் இங்கிலீஷ் வாக்கியத்தை அவன் படித்து, எந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்று விரல் வைத்துக் காட்டட்டும். 'மோர் தேன்', 'லெஸ் தேன்', 'லெஃப்ட்', 'ஈச்', 'ஆல்டுகெதர்' என்ற ஐந்தும்தான் இரண்டாம் வகுப்பில் அதிகம் படுத்துபவை. வாரத்துக்கு ஒரு சொல்லை எடுத்துக்கொண்டால் போதும்.

மறுசோதனை தேவைப்பட்டால் அதே சோதனையை ஒரு வருடத்துக்குள் வைக்காதீர்கள். பழக்கத்தாலேயே எண் ஏறும், குறிப்பாகக் கட்டை அடுக்குவதில். ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு மன்றம்) பதிவு உள்ள, தமிழ் பேசும் மருத்துவ உளவியலாளராகப் பாருங்கள். முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோர் நிறுவனத்திலும் மதிப்பீடு செய்கிறார்கள். போகும்போது பழைய ரிப்போர்ட், இரண்டு மாதக் கணக்கு நோட்டு, மேலே சொன்ன மூன்று நாள் சோதனையின் தாள்கள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். சோதனை எந்த மொழியில் நடந்தது என்பதை முதல் பக்கத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.