ஆடு நனைஞ்சா நனையட்டும்ங்க
(தோட்டத்துச் சாளை: வாசகர் கேள்வி பதில்)

இந்த தடவ வந்த கடுதாசி, வாட்ஸ்அப் மெசேஜ் எதைப் பார்த்தாலும் ஒரே பேச்சுதாங்க. பகல்ல வெளிய தலை காட்ட முடியல, பொழுதோட ஆனா காத்தும் இடியும். சித்திரைல ஒரு மழை பேஞ்சுறாதான்னு வானத்தைப் பார்க்கறதும் நாமதான், அது வர்ற வேகத்தைப் பார்த்து நெஞ்சைப் புடிச்சுக்கறதும் நாமதான். கத்திரி முடிய மே 28 வரைக்கும் இப்படித்தான் இருக்கும், அதனால தோட்டத்துல குடியிருக்கறவங்க கேட்டதை மட்டும் இந்த வாரம் எடுத்துக்கிட்டேன்.

அக்கா, எங்க ஊரு காங்கேயம் பக்கம். பதினெட்டு ஆடு, ரெண்டு மாடு, கொறங்காட்டுல மேய்ச்சல். எங்கத்தைக்கு அறுபத்தெட்டு வயசு. இடி சத்தம் கேட்டதும் மழைக்குப் போர்த்தற கொங்காடைய மாட்டிக்கிட்டு ஆட்டை ஓட்டியார கெளம்பிடுவாங்க. நான் போறேன்னாலும் விடமாட்டாங்க. எங்க வீட்டுக்காரர் திருப்பூர்ல கம்பெனி வேலை, ஏழு மணிக்கு மேலதான் வருவாரு. அத்தைய எப்படி நிறுத்தறதுன்னு தெரியல.

அம்மிணி, இதைப் படிச்சதும் எங்க அம்மாவப் பெத்த அப்புச்சிதான் கண்ணு முன்னால நின்னாரு. நான் ஒன்பதாவது படிச்ச வருசம், இதே மாதிரி ஒரு சித்திரை மாசம், ஆட்டை ஓட்டிக்கிட்டு வர்றப்ப மழை புடிச்சிருச்சு, வரப்போரம் இருந்த பனைமரத்தடில ஆட்டோட ஆடா ஒதுங்கிட்டாரு. மரத்து மேல இடி விழுந்துச்சு. மூணு ஆடு அங்கயே செத்துப்போச்சு, அப்புச்சிய தூக்கிட்டு வந்தாங்க, உசுரு தப்பிச்சுது, ஆனா ஒரு காது அப்பறம் சாகற வரைக்கும் சரியா கேக்கல. அப்புச்சியோட சம்சாரம், எங்க அமுச்சி, அன்னைக்கு வாசல்ல அருவாளையும் கடப்பாரையையும் தூக்கிப் போட்டுட்டு அர்ச்சுனா அர்ச்சுனான்னு சொல்லிக்கிட்டே நின்னுச்சு. இரும்பு இடியை வாங்கிக்கும்னு ஒரு நம்பிக்கை. அந்த இரும்பைப் போட வாசலுக்கு ஓடறதுதான் ஆபத்துன்னு அப்ப யாருக்கும் தெரியலைங்க.

உங்கத்தைகிட்ட போகாதீங்கன்னு சொன்னா அவங்க கேக்க மாட்டாங்க. அந்த ஆடு அவங்க வளர்த்தது, அவங்க பொறுப்பு. அதனால இடிச்ச பின்னாடி தடுக்கறதை விட்டுட்டு, அந்த பொறுப்பை மதியமே அவங்க கையில குடுத்துருங்க. மழை வர்றது உங்களுக்கும் எனக்கும் முன்னாடி அவங்களுக்குத் தெரியும். பகல்ல காத்தே இல்லாம புழுக்கமா இருந்து, ரெண்டு மணிக்கு மேல மேகம் பூசணிக்கா மாதிரி மேல மேல வளர்ந்துச்சுன்னா, "அத்தை, இன்னைக்கு வருமுங்களா, ஆட்டை எப்ப அடைக்கலாம்"னு நீங்களே போய் கேளுங்க. கேட்டா அவங்களே மூணு மணிக்கு ஓட்டிட்டு வந்து பட்டியில அடைச்சிருவாங்க. ஒரு மணி நேர மேய்ச்சல் போகும், அவ்வளவுதான், தொட்டியில தண்ணியும் கொஞ்சம் சோளத்தட்டும் வெச்சா ஈடாகிரும்.

உங்க போன்ல தாமினின்னு ஒரு ஆப் போட்டுக்கோங்க. புனேல இருக்கற இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் பண்ணினது, நாம இருக்கற எடத்தைச் சுத்தி 20 கிலோமீட்டர், 40 கிலோமீட்டருக்குள்ள மின்னல் விழுந்தா காட்டும். காட்டுச்சுன்னா உடனே திருப்பூர்ல இருக்கற உங்க வீட்டுக்காரருக்கு சொல்லிருங்க. மகன் போன் பண்ணி "அம்மா உள்ள இருங்க"ன்னு சொன்னா மருமக சொல்றதை விட கொஞ்சம் எடுபடும், இது எல்லா வீட்லயும் உள்ளதுதான்.

அப்படியும் முந்திக்கிட்டு இடி வந்துருச்சுன்னா ஆடு நனைஞ்சா நனையட்டும்ங்க. அது கிளுவை வேலியோரம் தானா ஒண்டிக்கும். மனுசங்க மரத்தடிக்கும் போகக்கூடாது, கம்பி வேலியத் தொட்டுக்கிட்டும் நிக்கக்கூடாது, நாலு பக்கமும் தொறந்த மாட்டுக்கொட்டாயும் பத்திரமில்ல. சாளைக்குள்ள, அதாவது தோட்டத்து வீட்டுக்குள்ள, வந்து கதவைச் சாத்திக்கணும், கடைசி இடி கேட்டதுல இருந்து அரை மணி நேரம் வெளிய வரக்கூடாது. நெறைய பேரு மழை விட்டுச்சுன்னு வெளிய வந்துதான் மாட்டிக்கறாங்க.

இன்னொன்னு, இதை தயவு செஞ்சு அக்கம்பக்கத்துலயும் சொல்லுங்க. இடி விழுந்தவங்க உடம்புல கரண்ட் இருக்காது, தொடலாம். மூச்சு நின்னிருந்தா நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் வெச்சு வேகமா, பலமா அமுக்கிக்கிட்டே இருக்கணும், இன்னொருத்தரு 108க்கு கூப்பிடணும். தொட பயந்துக்கிட்டு சுத்தி நின்னே உசுரை விட்டவங்க உண்டுங்க.

நாலு நாளைக்கு முன்னாடி எங்க காட்டுல நல்ல மழை. வெயில்ல காஞ்சு சுருண்டு கெடந்த சோளம் இப்ப பச்சைப்பசேல்னு துளுத்திருக்கு. ரெண்டு மாசமா காஞ்ச தட்டையே தின்ன மாடு, அந்தப் பக்கமே இழுக்குது. அறுத்துப் போடலாமா?
– ஒரு வாசகர், தாராபுரம் பக்கம்

போடாதீங்கண்ணா. கயித்தை இன்னும் ரெண்டு சுத்து சேர்த்துக் கட்டுங்க. தண்ணியில்லாம வாடுன இளஞ்சோளத்துலயும், அறுத்த கட்டையில இருந்து மழைக்கு புதுசா வர்ற துளிர்லயும் சயனைடு விஷம் இருக்கும். ரெண்டு வாய் தின்னாலே மாடு வாயில நுரை தள்ளி, மூச்சு வாங்கி, காலு தள்ளாடி விழுந்துரும், டாக்டர் வர்றதுக்குள்ள முடிஞ்சுகூட போயிரும். கதிர் வந்து பூ எடுத்த பின்னாடி அறுத்தா பயமில்ல, நல்லா காய வெச்ச தட்டுலயும் விஷம் கொறைஞ்சிரும். தப்பித்தவறி மேஞ்சிருச்சுன்னா வேப்பிலை, மோருன்னு பார்த்துக்கிட்டு நேரத்தை விட்டுறாதீங்க, இதுக்கு ஊசி இருக்கு, உடனே கால்நடை டாக்டரையோ 1962 ஆம்புலன்ஸையோ கூப்பிடுங்க.

செம்மறி வெச்சிருந்தீங்கன்னா இதையும் கேட்டுக்கோங்க. மழைக்குப் பின்னாடி வர்ற இளம்புல்ல வயிறு முட்ட மேஞ்சா துள்ளுமாரி நோய் வரும், அதுலயும் நல்லா கொழுத்த குட்டிதான் மொதல்ல போகும். தடுப்பூசி போட்டிருக்கான்னு பாருங்க. காலைல வெறும் வயித்தோட புல்லுக்கு வெரட்டாம கொஞ்சம் காஞ்ச தீவனம் போட்டுட்டு வெளிய விடுங்க.

சத்தியமங்கலம் பக்கமுங்க. 800 நேந்திரன் வெச்சிருந்தோம், பத்து மாசப் பயிர், எல்லாம் தார் தள்ளி நின்னுச்சு. போன வாரம் பத்தே நிமிசம்தான் காத்து, ஐநூறுக்கு மேல சாஞ்சிருச்சு. நகை வெச்ச பணம். எங்க வீட்டுக்காரரு யார்கிட்டயும் பேசறதில்ல, ரெண்டு நாளா சரியா சாப்பிடல, ராத்திரி எந்திரிச்சுப் போய் வாழைக்குள்ள உக்காந்துக்கறாரு. எனக்கு பயமா இருக்குங்க்கா.

கண்ணு, மொதல்ல அவரைப் பார்ப்போம், வாழைய அப்பறம் பார்க்கலாம். வீட்ல இருக்கற பூச்சி மருந்து, களைக்கொல்லி டப்பாவ எல்லாம் இன்னைக்கே எடுத்து பக்கத்து தோட்டத்துல குடுத்து வெச்சிருங்க, ஏன்னு யாருக்கும் வெளக்கம் சொல்ல வேண்டியதில்ல. ராத்திரி அவரு எந்திரிச்சுப் போனா நீங்களும் கூடப் போய் உக்காருங்க, பேச வேணாம், சும்மா உக்காருங்க. அவரு மதிக்கற ஆளு ஒருத்தர், உங்க அண்ணனோ அவரு மச்சானோ, ரெண்டு நாள் தோட்டத்துல வந்து தங்கட்டும். 104க்கு போன் பண்ணா மனசு விட்டுப் பேச ஆள் இருக்காங்க, 14416ம் அதுக்குத்தான், ராத்திரிலயும் எடுப்பாங்க. அவரு பேசலைன்னா நீங்க பேசுங்க, என்ன பண்றதுன்னு உங்களுக்கு சொல்லுவாங்க. செத்துப்போயிரலாம்ங்கற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலும் அதை வெறும் பேச்சுன்னு விட்டுறாதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க.

வாழையப் பத்தி. சாஞ்சதை வெட்டி ஒதுக்கறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, தேதி தெரியற மாதிரி. விஏஓகிட்டயும் தோட்டக்கலை ஆபீஸ்லயும் மனு எழுதிக் குடுத்து, வந்து பார்த்து கணக்கு எடுக்கச் சொல்லுங்க. 33 சதவீதத்துக்கு மேல சேதம் இருந்தாத்தான் பேரிடர் நிவாரணத்துக்கு எடுத்துக்குவாங்க, உங்களுக்கு பாதிக்கு மேல போயிருக்கு. 2022ல வந்த கணக்குப்படி பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபான்னு வெச்சிருந்தாங்க, ஏக்கருக்குப் பார்த்தா ஏழாயிரம்கூட வராது, இப்ப எவ்வளவுன்னு ஆபீஸ்லயே கேட்டுக்கோங்க. பத்து மாசம் தண்ணி கட்டி, எரு போட்டு, நகையையும் வெச்சவங்களுக்கு இது ஒரு மூலைக்கும் பத்தாதுன்னு எனக்குத் தெரியும், சொல்லவே வாய் வரல. இருந்தாலும் மனு குடுக்காம விட்டுறாதீங்க.

முக்கால் பருவத்துக்கு மேல முத்துன தாரை சிப்ஸ் போடறவங்க எடுப்பாங்க, ரெண்டு மூணு பேரைக் கேட்டுப் பாருங்க, மொதல்ல வர்றவரு சொல்ற வெலைக்குத் தலையாட்டிராதீங்க. வேர் அறுந்து சாஞ்சதை நிமித்தி கட்டறது வீண் வேலை. வெட்டிட்டு, ஒவ்வொரு கட்டையிலயும் நல்ல பக்கக் கன்னு ஒன்னே ஒன்னு விட்டுட்டு மீதிய எடுத்துருங்க, மறுதாம்பு வரும். நிக்கற முந்நூறுக்கு நாளைக்கே முட்டு குடுங்க, குச்சி வாங்கக் காசில்லைன்னா எதிரெதிர் மரத்தை பிளாஸ்டிக் கயித்துல ஒன்னுக்கொன்னு இழுத்துக் கட்டிக்கூட சமாளிக்கலாம். இந்த கட்டற வேலைக்கு அவரைக் கூப்பிடுங்க கண்ணு. நின்ன மரத்தையும் அவரு கொஞ்சம் தொடட்டும். அடுத்த மாசம் எனக்கு இன்னொரு கடுதாசி போடுங்க, காத்துக்கிட்டு இருப்பேன்.

உள்ள அனல் தாங்காம ராத்திரி வாசல்ல பாய் போட்டு குடும்பமே படுக்கறோம். மழை பேஞ்ச மறுநாள் திண்ணைகிட்ட ஒரு பாம்பு. வாசல்ல படுக்கறதே தப்புங்களா?
– அந்தியூர் வாசகி

படுங்க, ஆனா தரையில வேண்டாம். கயித்துக் கட்டில் போட்டு, கொசுவலைய மெத்தைக்கு அடியில நாலு பக்கமும் நல்லா சொருகிக்கோங்க. கட்டுவிரியன் ராத்திரிலதான் சுத்தும், தரையில தூங்கறவங்களைக் கடிச்சா பல பேருக்கு வலியே தெரியாது, விடியக்காலைல வயித்து வலி, கண்ணு இமை தொறக்க முடியலன்னு சொல்லும்போதுதான் சந்தேகமே வரும். அப்படி யாராவது சொன்னா, கடிச்ச அடையாளம் இல்லைன்னாலும், நேரா அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க. கயிறு கட்டறது, கீறி விடறது எதுவும் வேண்டாம். விறகு அட்டியவும் தட்டுப்போரையும் வாசலை விட்டுத் தள்ளிப் போடுங்க, ஒன்னுக்கு எந்திரிச்சா டார்ச் அடிச்சு காலைக் கீழ வைங்க.

கல்யாணமாகி சென்னைல இருந்து கோபி பக்கம் தோட்டத்துக்கு வந்து மூணு மாசம்தான் ஆகுது. காத்து அடிச்சா கரண்ட் போயிருது, சில நாள் மறுநாள்தான் வருது. மிக்சி, மோட்டார் எதுவும் ஓடாது, அப்ப என்ன சமைக்கறது?

வாம்மா. பகல் ரெண்டு மணிக்கு வானம் ஒரு மாதிரி இருந்துச்சுன்னா மொதல்ல மோட்டாரைப் போட்டு தொட்டி, குடம், அண்டா எல்லாம் ரொப்பிக்க, போனை சார்ஜ் போட்டுக்க, இடி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பிளக்கை எல்லாம் புடுங்கிரு. ராத்திரிக்கு அரிசியும் பருப்பும் சாதம் வெச்சிரு. சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, சீரகம் தாளிச்சு, மூணு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு தொவரம்பருப்பு போட்டு குக்கர்ல விட்டா முடிஞ்சுது, மேல நெய், தொட்டுக்க தயிர். மிக்சியே வேண்டாம். காலைல கம்பங்கூழோ பழைய சோறோ மோர் ஊத்தி, கடிச்சுக்க வெங்காயமும் மோர் மொளகாயும். கொள்ளுப் பருப்பு சூடுன்னு எங்க வீட்ல கத்திரில எடுக்கவே மாட்டோம், உங்க மாமியாரையும் ஒரு வார்த்தை கேட்டுக்க.

கரண்ட் வரலைன்னு மின்வாரியத்தோட மின்னகத்துக்கு 94987 94987ல சொல்லு. காட்டுக்குள்ள கம்பி அறுந்து கெடந்தா யாரும் கிட்டப் போகக்கூடாது, கரண்ட் இல்லாத நேரமா இருந்தாலும்தான், எப்ப திரும்ப விடுவாங்கன்னு நமக்குத் தெரியாது. மாட்டையும் போஸ்ட்டுக்கு இழுத்துக் கட்டியிருக்கற ஸ்டே கம்பிகிட்ட விடாதீங்க.

நான் ஆறாவது முடிச்சிருக்கேன். லீவுக்கு அப்பாரு (எங்கப்பாவோட அப்பா) தோட்டத்துக்கு வந்திருக்கேன். மின்னல் வெட்டுனா அப்பாரு ஒன்னு ரெண்டுன்னு எண்ணச் சொல்றாரு. எதுக்கு? மின்னல் முன்னாடியும் இடி பின்னாடியும் ஏன் வருது?

ரெண்டும் ஒரே நேரத்துலதான் கண்ணு உண்டாகுது. மின்னல் போற வழியில இருக்கற காத்து ஒரு நொடிக்குள்ள பயங்கரமா சூடாகி வெடிக்கற மாதிரி விரியுது, அந்த சத்தம்தான் இடி. வெளிச்சம் உடனே வந்து சேர்ந்துரும், சத்தத்துக்கு ஒரு கிலோமீட்டர் வர சுமாரா மூணு நொடி ஆகும். நீ பதினஞ்சு எண்ணும்போது இடி கேட்டா மின்னல் அஞ்சு கிலோமீட்டர் தள்ளி. முப்பது எண்ணுனா பத்து கிலோமீட்டர், அதுவே பக்கம்தான், அடுத்தது நம்ம தோட்டத்துலயே விழலாம். உங்க அப்பாரு சரியாத்தான் சொல்லிக் குடுத்திருக்காரு.

அதனால லீவு முடியற வரைக்கும் எண்ணற வேலைய நீயே எடுத்துக்க. ஒன்னு, ரெண்டுன்னு அவசரப்படாம எண்ணு. முப்பதுக்குள்ள இடி கேட்டுச்சுன்னா, நீ உள்ள நின்னுக்கிட்டே, கட்டுத்தரையில இருக்கற அப்பாருக்குக் கேக்கற மாதிரி "அப்பாரு, உள்ள வாங்க"ன்னு கத்து. அவரு "இரு, கன்னுக்குட்டிய அவுத்துட்டு வர்றேன்"னு சொல்லுவாரு. விடாத, இன்னொரு தடவ கத்து.